வயதுக்கு ஒரு நிமிடம்

மிளகு பறித்த கையில் ஒரு காரமான பச்சை வாசனை நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையால் அக்கா என் கன்னத்தில் விடும் அறையில் வலி முதலில் வரும், வாசனை பிறகு வரும், சில நாள் இரண்டும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகும். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டதால், ஒன்பது வயது மூத்த அக்காதான் சோறும் அடியும் போட்டு என்னை வளர்த்தாள். இரண்டிலும் அவள் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவியில், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மதிய நேரங்களில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்கா மரவள்ளிக்காட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒருநாள் நான் அடைகாத்த கோழியைக் கிளப்பி முட்டைகளை உடைத்து வைத்தபோது, ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு, "உன் நடத்தை எனக்கு வருத்தமளிக்கிறது" என்றாள்.

"எரும" என்று வாய் நிறையத் திட்டுகிறவள் டிவித் தமிழ் பேசினால் பேய் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அக்காவுக்கு வேப்பிலை அடிக்கச் சொல்லி அப்பாவிடம் ஓடினேன்.

"அடியாத மாடு படியாது கண்ணு. அந்த டிவிக்காரம்மா ஊட்டுல மாடு இல்லயாட்ட இருக்குது" என்றார் அப்பா.

பேய்தான் போகவில்லை. தப்பு செய்தால் "மூல": சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், வயதுக்கு ஒரு நிமிடம், அதுவரை யாரும் பேசக்கூடாது, பாதியில் மனம் இரங்கவும் கூடாது. எங்கள் வீட்டு மூலைகளில் கிழங்கும் ராகி மூட்டையும் இருந்ததால், ஆட்டுக்குட்டியின் மூலை எனக்கு ஒதுக்கப்பட்டது. அப்பாவின் கைக்கடிகாரத்தோடு அக்கா பின்னால் உட்கார்ந்திருப்பாள். அவள் மூச்சு கேட்கிறதா என்று ஒன்பது நிமிடமும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

"பழையபடி அடிச்சே போடுக்கா" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"தை மாசம் நா கல்யாணமாயிப் போயிருவேன் சாமி. அப்பறம் ஆரும் உன்மேல கைநீட்டக் கூடாது. அதுக்குள்ள உன்னையத் திருத்தோணும்."

அன்றைக்கு என் மண்டையில் ஒரு மகா யோசனை உதித்தது: நான் திருந்தினால்தானே அவள் போவாள்? அந்த ஒரே வாரத்தில் ஏழு முறை மூலைக்குப் போனேன். ஆட்டுக்குட்டிகூட எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காரப் பழகிவிட்டது. அப்படியும் தை பிறந்தது, அடிவாரத்து மாப்பிள்ளையும் வந்தார், கல்யாணமும் நடந்தது.

அவர்கள் புறப்படும் நேரத்தில் அக்கா என்னைத் தேடி வந்தாள். நான் அப்பாவின் கடிகாரத்தோடு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தண்டனை எனக்கல்ல, அவளுக்கு. அவளுக்குப் பதினெட்டு வயது. கணக்குப்படி பதினெட்டு நிமிடம் அவளோடு பேச மாட்டேன்.

புதுப்பட்டு கசங்க அவள் என் பின்னால் உட்கார்ந்தாள். "ஏஞ்சாமி, ஒரு வார்த்தை பேசுடா. பஸ்சு வந்துரும்டா."

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காவது நிமிடத்தில் ஹாரன் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். என் தலையில் ஒரு கை இருந்தது, பிறகு இல்லை. பாதியில் மனம் இரங்கக் கூடாதே. வீராதிவீரன் நான், இரங்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் "அக்கா" என்று திரும்பினேன். ரோட்டுக்கு ஓடியபோது பஸ் வளைவுக்குள் இறங்கிவிட்டிருந்தது.

ஆடிக்கு வந்தவள் விருந்தாளியாக வந்தாள். ஊறுகாய் ஜாடியை அவள் கண்ணெதிரேயே போட்டு உடைத்தேன். "உடுங்க தம்பி, கால்ல குத்திக்காதீங்க" என்று சில்லுகளைப் பொறுக்கினாள்.

இன்று அந்த டிவியும் இல்லை, அதை வைத்திருந்த பெட்டியும் இல்லை. அவை போனதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. போன மாதம் கோபத்தில் என் மகளை அடித்துவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டு, செய்ததைச் சொல்லிவிட்டு, "எரும" என்று திட்டுவாள் எனக் காத்திருந்தேன்.

"உங்க புள்ளதானுங்க தம்பி," என்றாள். "நா என்னத்தைங்க சொல்றது."