கைகளைப் பார்த்தவர்

“சீன நியூஸ் பாக்கவா இவ்வளவு படிச்சே?” என்று மாமா ஒருநாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். சீன மொழித் தொடக்கப் பள்ளியில் படித்தவள் என்பதால், சீன அரசுத் தொலைக்காட்சி தன் நாட்டுத் தலைவரை எப்படிக் காட்டுகிறது என்பதையே ஆய்வுக்கு எடுத்திருந்தேன். “இதுல புதுசா என்னம்மா இருக்கு?” என்று விரிவுரையாளர் என் முன்மொழிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை பத்து பாகாட் நகரில் ஒரு கோப்பிக் கடையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வெள்ளை பனியன் போட்ட, மெலிந்த சீனப் பெரியவர். கடைத் தொலைக்காட்சியில் அதே சீன அரசுச் செய்தி தொடங்கியதும் சத்தத்தை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலைவர் ஒரு கிராமத்து வீட்டில் வயதான அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். சுற்றிலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

“தினமும் இதேதானே காட்டுறாங்க, அங்கிள்?” என்று மண்டரின் சீனத்தில் கேட்டேன்.

“அவரை யாரு பாக்குறா, அமோய்?” சின்னப் பெண்களைச் சீனப் பெரியவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “அந்த அம்மாவோட இன்னொரு கையைப் பாரு லா. காலையிலேர்ந்து உக்கார வச்சிருப்பாங்க. பாத்ரூம் போக விட்டாங்களோ என்னவோ!”

அந்தக் கை சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தது. இத்தனை மாதமாகப் பார்த்தும் என் கண்ணில் படாத கை. பெரியவர் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் அந்த அம்மாவுக்கு மெல்லத் தலையாட்டினார்.

தலைவரை அந்தப் பெரியவருக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தலைவர் எதிரே உட்கார வைக்கப்படும் மனிதர்களைப் பற்றிப் புதிய முன்மொழிவு எழுதி, நேற்றே கொடுத்துவிட்டேன்.