கிளட்சை மிதித்த கால்

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ராயபுரம் வந்து என் முதுகைப் பார்க்கலாம். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை தழும்பு இருக்கிறது. இது நடு ராத்திரியில் நடந்ததும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், முழு சுயநினைவோடு இருக்கும்போது நடந்தது.

அறுபத்தெட்டாம் வருடம். எங்கள் தெருவில் இரண்டு கார் ஷெட்டுகள். ஒன்று என்னுடையது, எதிரே இருப்பது லியோனார்டுடையது. அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். கிளட்ச் வேலை என்றால் லியோனார்ட்தான் என்று எண்ணூர் வரைக்கும் பேச்சு. நானும் அதே வேலையைத்தான் செய்தேன், என் பேரை ஒருத்தனும் சொல்லவில்லை. அவன் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போடுவான். இடது கால் பெருவிரல் வீங்கியிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் துணியை வெட்டி விட்டிருப்பான். எனக்கு டயர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் செப்புக் கம்பி கட்டியிருந்தேன். அந்த ஷூவைப் பார்த்தாலும் எரியும்.

மண்டிக்கார ஞானதுரை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவரே தன் கறுப்புக் காரை அவனிடம்தான் விட்டார் என்றால் என் நிலைமையைப் பாருங்கள். ஆனால் அந்தக் கார் லியோனார்டுக்கு அடங்கவில்லை. புது கிளட்ச் பிளேட் போட்டான், சில நாளில் தீய்ந்தது. மறுபடியும் போட்டான், மறுபடியும் தீய்ந்தது. கடைசியில் கார் என்னிடம் வந்தது.

"இத மட்டும் சரி பண்ணிட்டேன்னா, என் நாலு லாரியும் ஒனக்குத்தாம்ல வேதமாணிக்கம்" என்றார் ஞானதுரை.

அன்று மாலையே லியோனார்ட் என் வாசலில் வந்து நின்றான்.

"அந்த வண்டிய தொடாத நைனா. திருப்பி அனுப்பிடு."

"ஏன்?"

"மேல யாரோ குந்திகினு கீறாங்க."

சிரித்துவிட்டேன். அவனுக்கும் வயிறு எரிகிறது என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை லியோனார்ட் குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டான். ஷெட்டில் நான் மட்டும். காரின் முன் சக்கரங்களைச் சரிவுப் பலகைகளில் ஏற்றினேன். கைப்பிரேக் வேலை செய்யவில்லை. முதல் கியரில் நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். கியர் பிடித்துக்கொள்ளும், வண்டி உருளாது. கிளட்சை மிதித்தால்தான் அந்தப் பிடி விடும். மிதிக்கத்தான் யாரும் இல்லையே என்று பின் சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. எங்கள் பக்கம் எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான்.

பெடலுக்கு அடியிலிருந்த பலகையைக் கழற்றிவிட்டு, கீழே போய்ப் படுத்தேன். கிளட்ச் கம்பியைப் பிடித்து ஆட்டினேன். பெடலில் கால் இல்லாதபோது அது லொடலொடவென்று ஆட வேண்டும். இது விறைப்பாக நின்றது. கோளாறு புரிந்துவிட்டது. பெடல்மேல் எப்போதும் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்கும், தீயும். லியோனார்டுக்குப் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாலு லாரியும் எனக்குத்தான்.

அப்புறம்தான் உறைத்தது... காருக்குள் யாருமே இல்லை.

கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது.

தலைக்கு மேலே ஸீட் ஸ்பிரிங் 'க்ரீச்' என்றது.

நிமிர்ந்து பார்த்தேன். பலகை இருந்த ஓட்டை வழியாகப் பெடல் தெரிந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பெருவிரல் இடத்தில் வெட்டு.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"கால எடு, லியோனார்ட்."

ஷூ அசையவில்லை.

"பொறாமை புடிச்சவனே, கால எடு."

ஷூ மெல்ல... கீழே அமுங்கியது.

கம்பி என் கைக்குள் நகர்ந்தது.

'டக்.'

கார் உருண்டது.

முன் சக்கரம் சரிவுப் பலகையை விட்டு இறங்குவதற்குள் பக்கவாட்டில் புரண்டேன். ஏதோ இரும்பு முதுகைக் கிழித்துக்கொண்டு போனது. எழுந்து கார் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

ரத்தம் ஒழுக ஒழுகக் கோயிலுக்கு ஓடினேன், அவன் சட்டையைப் பிடிக்க. அங்கே லியோனார்ட் தன் தங்கை ஹில்டாவின் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றிருந்தான். ஞானஸ்நானம். அவன்தான் ஞானத்தகப்பன். பூசை முடிந்ததிலிருந்து அவன் அங்கேயேதான் இருக்கிறான் என்று சாமியாரே சொன்னார். காலில் புது கறுப்பு ஷூ.

என் முதுகைப் பார்த்ததும் அவன் ஒன்றுதான் கேட்டான்.

"யாரு காலு?"

"உன்னுது."

அவன் குழந்தையை ஹில்டாவிடம் கொடுத்தான். "நான் அடில படுத்துகினு இருந்தப்ப எனக்கு உன் செருப்பு தெரிஞ்சுச்சு நைனா. செப்புக் கம்பி கட்னது. வயித்தெரிச்சல்ல நீதான் வந்து மிதிக்கிறேன்னு நெனச்சேன். அப்பால விசாரிச்சா, அன்னிக்கு நீ மாதவரத்துல இருந்துகீற."

உண்மைதான். அன்று முழுக்க மாதவரத்தில் ஒரு லாரிக்குக் கீழே கிடந்தேன்.

காரை ஞானதுரையிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை யானைக்கவுனி மெக்கானிக் வேலப்பனிடம் விட்டார். அவனுக்கு எங்கள் இருவரையுமே ஆகாது. நானும் லியோனார்டும் முதல்முறையாகச் சேர்ந்து போய் நடந்ததைச் சொன்னோம்.

"நாலு லாரியும் எனக்கு வந்துடும்னு வயிறு எரியுதா மாமு?" என்று சிரித்தான்.

ஒரு வாரம் கழித்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சேதி வந்தது. அந்தக் காருக்குக் கீழே மாட்டிக்கொண்டானாம். அது நடந்த நேரத்தில் லியோனார்ட் என் ஷெட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இருவரும் பார்க்கப் போனோம். வேலப்பனுக்கு இடது காலை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மிதிச்சதும் இல்லாம பாக்க வேற வந்துட்டீங்களா?" என்றான். "ஒர்த்தன் ஷூ, ஒர்த்தன் செருப்பு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே குந்திகினு இருந்தீங்க."