மூன்றாவது சத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மனிதன் உதவிக்குக் கூப்பிட்டான். நான் கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டேன்.

பொறுங்கள்... திட்டுவதற்கு முன்னால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு இந்தக் கிழமையும் சோறு இறங்காது.

நான் இருப்பது வாவியின் இந்தக் கரையில். வேலை கிடைப்பது அந்தக் கரையில், படுவான்கரைப் பக்கம். வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் திருத்துகிறவன் என்பது வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் டூல்ஸ் பையோடு பாதை ஏறுவேன். வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை — எங்களுக்குப் பாதை என்றால் றோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான மிதவை. எந்தத் துறை என்று எழுதமாட்டேன். எழுதினால் பாதைக்காரர் கனகண்ணன் அடுத்த முறை என்னை நீந்தி வரச் சொல்லுவார். எனக்கு நீந்தத் தெரியாது.

தெரியாதபடியால் ஏறுவதற்கு முன்னால் மிதவையைக் காலால் தட்டிப் பார்ப்பேன். பிறகு கையால். கனகண்ணனுக்கு அது பிடிக்காது. "என்ன, டொக்டர் பாத்து முடிஞ்சா? உசிர் இரிக்கா அதுக்கு?" என்று கேட்பார்.

அன்றைக்குச் சரியான பனி. மழைக்காலம் முடிகிற நேரத்தில் வாவியின்மேல் இப்படி இறங்கும். பத்தடிக்கு அங்கால் தண்ணீரும் இல்லை, வானமும் இல்லை. போதாக்குறைக்குப் பாதையின் எஞ்சின் ஒரு கிழமையாகப் பழுது. கனகண்ணன் தடி ஊன்றித்தான் தள்ளுகிறார். எஞ்சின் இரைச்சல் இல்லாத பாதையில் போயிருக்கிறீர்களா? தடியில் இருந்து சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்கும். பனிக்குள் இருந்து வலைக்கம்புகள் ஒவ்வொன்றாக வரும், பக்கத்தில் வந்து நிற்கும், பிறகு இல்லாமல் போகும்.

அந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை போல. எல்லாரும் பேசினோம். எதைப் பற்றி? வேறு எதைப் பற்றி... நாடு கெட்டுப் போனதைப் பற்றித்தான்.

தொடங்கியவர் கிளாக்கர் ஐயா. கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருக்கிறவர். "கையெழுத்து ஒண்டு எடுக்க மூணு நாள் அலையிறன். மேசைக்கு மேசை கை நீட்டுறானுகள். என்ர காலத்தில இப்படியா?"

"உங்கட காலத்தில மேசை குறைவு, ஐயா" என்றார் காத்தான்குடி நானா. சாரன், அதாவது கைலி, யாவாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் சாரன் பொட்டணம் மலைபோல இருந்தது. எல்லாரும் சிரித்தோம். கிளாக்கர் ஐயாவும் கொஞ்சம் சிரித்தார்.

டீச்சர் ஒருத்தர் இருந்தார், அந்தக் கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். "அத விடுங்க. அண்டைக்கு எங்கட சந்தியில ஒராள் அக்சிடன்ட் பட்டுக் கிடக்குது. தூக்க ஒரு ஆள் இல்ல. சுத்தி நிண்டு வீடியோ எடுக்குதுகள்!"

"மனிசத்தன்மை போச்சு, டீச்சர்" என்றார் நானா.

நானும் சும்மா இருக்கவில்லை. பத்தி எழுதுகிறவன் இல்லையா? "ஆளாளுக்குப் பொறுப்பு எண்ட ஒண்டு வேணும்" என்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொன்னதற்கு டீச்சர் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

"ஓஓஓய்...!"

இடது பக்கம். தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கிற சதுப்பு மரங்களின் கண்ணாக்காடு இருக்கிற திசை. தூரமா, கிட்டவா... பனிக்குள் கணக்குப் பிடிபடவில்லை. ஆணா, பெண்ணா... அதுவும் தெரியவில்லை.

கனகண்ணன் தடியை அப்படியே நிறுத்தினார். பாதை தன் பாட்டில் வழுக்கிக்கொண்டு போனது.

"ஓஓஓ...ய்!"

"ரெண்டு" என்றார் கிளாக்கர் ஐயா, மெதுவாக.

"ஆரும் வாய் திறக்காதீங்க" என்றார் கனகண்ணன். "மூணு வரட்டும்."

எங்கள் துறையில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றுக்குள் இருந்து — வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம் — சத்தம் வந்தால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை பதில் குரல் கொடுக்கக்கூடாது. உயிருள்ள ஆள் என்றால் மூன்று தரமும் கூப்பிடும். தண்ணீருக்குள் போனவர்களுக்கு இரண்டு தரத்துக்குத்தான் மூச்சு இருக்கும். பதில் சொன்னால் மூன்றாவது மூச்சை உங்களிடம் இருந்து எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆற்றுக்குள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று நாங்கள் வாய்விட்டு எண்ணுவதில்லை. அதனால் இந்த விஷயத்தில் யாரும் பகிடி விடுவதும் இல்லை.

காத்திருந்தோம். நானாவின் உதடு அசைந்தது, ஓதிக்கொண்டிருந்தார். டீச்சர் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வரவில்லை.

கனகண்ணன் தடியைக் குத்தித் தள்ளினார். முன்பைவிட வேகமாக. பிறகு கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமினார். "அப்ப... அந்த மூணாம் மேசைக்காரன் இருக்கானே..."

எல்லாரும் ஆவலாகக் கேட்டோம். அவ்வளவு ஆவலாக நான் யாருடைய கதையையும் கேட்டதில்லை.

அந்தக் கரையில் இறங்கியதும் துறையடியில் பாக்கியமக்காவின் தேத்தண்ணிக் கடை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீனியைக் கூடப் போட்டார்.

"என்ன தம்பி, உங்களுக்கும் கேட்டதா?" என்றார்.

"உங்களுக்கும் எண்டா?"

"விடியப்பொறத்துல இருந்து கேக்குது. முதல் பாதையில வந்த ஆக்கள் சொன்னாங்க. ரெண்டாவதில வந்தவங்களும் சொன்னாங்க. இஞ்ச கடைக்கும் லேசாக் கேக்கும்."

"எத்தின தரம், அக்கா?"

"ஒவ்வொரு பாதைக்கும் ரெண்டு."

"இதோட எத்தின பாதை?"

"உங்கட பாதை நாலாவது. முதல் மூணும் மத்த ஆள் தள்ளினது."

நான் பெருக்கிப் பார்த்தேன். வாய்ப்பாடு இன்னும் மறக்கவில்லை. "அக்கா... அப்ப எட்டு."

பாக்கியமக்கா கேத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இல்ல தம்பி. ஒவ்வொரு பாதைக்கும் ரெண்டுதான். ஒருத்தருக்கும் மூணு கேக்கல்லயே."

இதை வாசிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த இடத்தில், அந்தப் பனிக்குள், எனக்கு அது மிகச் சரியான கணக்காகத்தான் பட்டது. தேத்தண்ணீரைக் குடித்தேன். பையைத் தோளில் போட்டேன். ஒரு வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபோம் அரைகுறையாக மெஷினில் மாட்டிக் கிடக்கிறது, போகவேண்டும். போனேன்.

முப்பது அடி போயிருப்பேன். என் வியாதி தெரியும்தானே? காஸ் பூட்டினேனா, கதவு சாத்தினேனா என்று பாதி வழியில் திரும்புகிற ஆள். அந்த மூளை இப்போது வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. பேய் என்றால், பதில் சொன்னால் எனக்கு மட்டும்தான் ஏதாவது நடக்கும். ஆள் என்றால்... அந்த ஆள் நாலு பாதையைப் பார்த்துவிட்டது.

திரும்பி வந்தேன். கனகண்ணன் துறையில் குந்திக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன், தோணியை எடுத்துட்டு ஒருக்காப் போய்ப் பாப்பமா?"

"உங்களுக்கு விசரா? பாதை கொஞ்சம் ஆடினாலே கண்ண மூடுற ஆள் நீங்க. கண்ணாக்காட்டுக்குள்ள போகப் போறீங்களா?"

"ஆள் எண்டா?"

"ஆள் எண்டா மூணாந்தரம் கூப்பிடும். நீங்க எழுதுற ஆள்தானே? பேப்பர்ல எழுதுங்க. என்னை விடுங்க."

சரியான அடி. பேப்பரில் எழுதுவதற்குத்தான் நான் உண்மையில் யோசித்துக்கொண்டிருந்தேன். 'வாவியில் ஒரு மர்மக் குரல்' என்று தலைப்புக்கூட வந்துவிட்டது.

துறையின் நுனிப் பலகைக்குப் போனேன். பலகை ஈரம். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினேன்.

"ஆருகா அங்க?"

பின்னால் பாக்கியமக்கா "ஐயோ, தம்பி!" என்று சொன்னது கேட்டது. சந்தியில் ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டு நின்ற நானா மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார்.

ஒன்றும் வரவில்லை. பனி அசையவில்லை. என் மூச்சை நானே எண்ணிக்கொண்டு நின்றேன் — இருக்கிறதா, எடுபட்டுவிட்டதா என்று.

பிறகு வந்தது. கூப்பிடுகிற குரல் இல்லை. ஒரு கேள்வி. மெலிந்து, உடைந்து, தண்ணீரின்மேல் ஊர்ந்துகொண்டு...

"நீங்க... ஆக்கள்தானா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்போது எழுதும்போதும்தான். ஆனால் கனகண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடித் தோணியில் பாய்ந்துவிட்டார். நானாவும் ஏறினார். நானும் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள்.

கண்ணாக்காட்டு ஓரத்தில், கழுத்தளவு தண்ணீரில், ஒரு வலைக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த ஆள் நின்றார். பெயர் யோகராசா. நண்டுக்காரர். இருட்டு விலகுமுன் நண்டுக்கூடு பார்க்க வந்திருக்கிறார். தோணி பிரண்டுவிட்டது. யாரோ அறுத்து எறிந்துவிட்டுப் போன தங்கூசி வலை, மெல்லிய நைலோன் இழை வலை, அடியில் கிடந்திருக்கிறது. இரண்டு காலிலும் சுற்றிக்கொண்டது. உதற உதற இறுகி, இறைச்சிக்குள் இறங்கிவிட்டது. அந்தத் தங்கூசி வலை போடவே கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். போட்டவனுக்கும் தெரியும். முதலை இருக்கிற ஆறு, காலில் இரத்தம் வேறு. கனகண்ணன் மூச்சைப் பிடித்து முங்கி முங்கிக் கத்தியால் அறுத்தார். கரைக்கு வந்ததும் நானா பொட்டணத்தை அவிழ்த்துப் புதுச் சாரன் ஒவ்வொன்றாக எடுத்து அவரைச் சுற்றினார். இத்தனைக்கும் நடுவில் நானாவின் கண்ணில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

ஆகவே நாங்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்துகிறது. கெட்டவர்கள் செய்திருந்தால் அவர்களைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நாலு பாதையில் வந்தவர்களும் நல்ல மனிதர்கள். ஆளுக்கு இரண்டு சத்தம் கேட்டோம். மூன்றாவதை அடுத்த பாதைக்கு விட்டுவிட்டோம். எல்லாரும் ஒரே முறையைத்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். கந்தோரில் மூன்றாம் மேசைக்காரனும் வேறு என்ன செய்கிறான்? வலையை அறுத்து எறிந்தவனும் அப்படித்தான் நினைத்திருப்பான் — ஆற்றுக்குள் கிடக்கிற குப்பையில் இது ஒன்று என்று.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பாதை ஏறினேன். பேச்செல்லாம் யோகராசா பற்றித்தான். கிளாக்கர் ஐயா புதிதாக ஏறிய ஒருவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "முதல் சத்தத்திலயே எனக்கு விளங்கிட்டு, இது ஆள்தான் எண்டு..." டீச்சர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகண்ணன் தடியை ஊன்றிக்கொண்டிருந்தார். நான் திருத்தப் போகவில்லை. யாரை முதலில் திருத்துவது?

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். யோகராசா கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் இரண்டிலும் கட்டு. ஒரு பாதம் தப்புமா என்று திங்கட்கிழமைதான் சொல்லுவார்களாம். நேரத்தோடு தூக்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று டொக்டர் சொன்னாராம். அதைச் சொன்னது அவருடைய மனைவி. யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஒன்று கேட்கவேண்டி இருந்தது. "அண்ணன், ஏன் ஒவ்வொரு தரமும் ரெண்டோட விட்டீங்க? மூணாந்தரம் கூப்பிட்டிருந்தா..."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பயத்திலதான், தம்பி" என்றார். குரல் இன்னும் சரியாக வரவில்லை. "பனிக்குள்ளால பாதை வருது. கதைச்சுச் சிரிக்கிற சத்தம் வடிவாக் கேக்குது. நான் கூப்பிடுறன். உடனே எல்லாம் நிண்டு போகுது. மறுகா ஒருக்காக் கூப்பிடுறன். ஒரு பதில் இல்ல. கொஞ்சத்தால திரும்பவும் கதைச்சிக்கிட்டே போகுது. மனிசர் எண்டா அப்படிப் போவாங்களா? இது ஆத்தில போனவங்கட பாதைதான் எண்டு நினைச்சன். மூணாந்தரம் கூப்பிட்டா வந்து ஏத்திக்கிட்டுப் போயிருமே எண்டு வாயைப் பொத்திக்கிட்டன்."

எனக்கு அங்கிருந்து எழும்பி ஓடவேண்டும் போல் இருந்தது. அவரைக் காப்பாற்ற வந்தவன் என்றுதான் அவர் என்னை நினைத்திருக்கிறார். அவருடைய மனைவி எனக்கு ஒரு ஒரேஞ் உரித்துத் தந்திருந்தார். அது கையில் அப்படியே இருந்தது.

"அண்ணன்" என்றேன். "நாலாவது பாதையில நானும் இருந்தன்."

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்து மெல்லச் சரிந்து, என் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

நானும் பார்த்துக்கொண்டேன்.