டூரிஸ்ட் வேஷம்

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் நானும் என் கணவரும் தனியாக ஓர் ஊருக்குப் போனதில்லை. போனதெல்லாம் கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு, துஷ்டி கேட்கப் போன சாவு வீடு. பாளையங்கோட்டையில் அத்தை, மாமாவோடு ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் அறைக்குக் கதவு உண்டு. ஆனால் அத்தையின் பீரோ அந்த அறைக்குள் இருந்ததால் கதவைச் சாத்தும் பழக்கம் அந்த வீட்டில் ஏற்படவே இல்லை. மாமா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். செய்தித்தாளைக்கூடப் பிழை திருத்திக்கொண்டேதான் வாசிப்பார்.

என் கணவர் கணக்கு வாத்தியார். நான் வேறொரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். முதுகில் மூட்டையோடு கடலோரமாகவே ஊர் ஊராகப் போகிற ஜோடிகளின் வீடியோக்களை அவர் பார்க்க ஆரம்பித்தார். கிடைத்த இடத்தில் தூக்கம், கிடைத்த கடையில் சாப்பாடு. "நம்மகிட்டயும் கடல் இருக்குல்லா? திருச்செந்தூர்ல இறங்குவோம். அப்படியே கரையோரமா கன்னியாகுமரி வரைக்கும். பாதி நட, பாதி பஸ்" என்றார். காலாண்டு லீவு வந்தது. தனியார் பள்ளிச் சம்பளத்துக்கு அதைவிடப் பெரிய பயணம் கட்டுப்படியாகாது.

அத்தைக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை.

"யார் வீட்டுக்குப் போறிய?"

"யார் வீட்டுக்கும் இல்லம்மா. சும்மா கடற்கரையோரமா."

"சும்மான்னா, அங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்பதுதான் அந்தப் பயணத்தின் அழகே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டித் தந்தார்.

பைகள் பழசு. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனவை என்று சொல்லி விற்றார்கள். ஆரஞ்சு நிறம், என் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும். ஒன்றில் எந்த நாட்டுடையது என்று எங்களுக்குத் தெரியாத ஒரு கொடி தைத்திருந்தது. அவர் முழங்கால் வரைக்குமான, பத்துப் பன்னிரண்டு பை வைத்த கால்சட்டை போட்டிருந்தார். இருவருக்கும் ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. பைக்குப் பின்னால் ஒரு தகர டம்ளர் தொங்கி, நடக்கும்போதெல்லாம் மணி மாதிரி அடித்தது.

காலாண்டு லீவும் தசராவும் ஒன்றாக வருவது எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். விடைத்தாள் திருத்துகிற அவசரத்தில் எங்களுக்கு மட்டும் உறைக்கவில்லை. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறியபோது சாமான் வைக்கிற கம்பியில் எங்கள் பைக்கு இடமில்லை. அங்கே மரத்தால் செய்த கைகள் அடுக்கியிருந்தன. கைகளுக்குச் சொந்தக்காரரான காளி எங்களுக்கு முன் சீட்டில் சிவப்புச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மீசைக்காரர். கோரைப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கடைசி நாளில் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். இவரும் அப்படித்தான் புறப்பட்டிருந்தார்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தோட்டங்கள் வந்ததும் காளி திரும்பினார். "நீங்க என்ன வேஷம் கெட்டிருக்கிய?"

"நாங்க டூரிஸ்ட்" என்றார் என் கணவர்.

காளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "டூரிஸ்டா? நல்லாருக்கே வே. இதுவரைக்கும் யாரும் கெட்டல."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம்.

திருச்செந்தூரில் ஒரு லாட்ஜிலும் இடமில்லை. குலசேகரன்பட்டினம் என்கிற குலசையில் மண்டபங்கள் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் படுக்கலாம் என்று காளி சொல்லியிருந்ததால் அங்கே போனோம். இறங்கியதும் தெரு முழுக்க ராஜாக்கள், குறவர்கள், குரங்குகள், கரடிகள். வெயில் தாங்காமல் என் கணவர் தொப்பியைக் கழற்றி மல்லாத்திப் பிடித்துக்கொண்டு நெற்றியைத் துடைத்தார். ஓர் அம்மா வந்து தொப்பிக்குள் காசு போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் ஒரு குடும்பமே.

"அம்மா, நாங்க வேஷம் இல்ல. நெசமாவே டூரிஸ்ட்" என்று காசை நீட்டினார் என் கணவர்.

அந்த அம்மா இரண்டடி பின்வாங்கினார். "முத்தாரம்மனுக்குப் போட்டத திருப்பிக் குடுக்காதீங்க சாமி, குடும்பத்துக்கு ஆவாது." பிறகு தன் பிள்ளையை முன்னால் தள்ளினார். "பாரு, வெள்ளக்காரன், வெள்ளக்காரி."

நான் அத்தையின் வாயால் சொன்னால் நல்ல தேயிலைத் தண்ணி நிறம். பிள்ளை என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தது.

மத்தியானத்துக்குள் தொப்பி நிறைந்துவிட்டது. பயந்துபோய்க் காளியைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவர் சேர்ந்திருந்த வேஷக் குழுவுக்கு, தசரா செட்டுக்கு, தலைவர் ஓர் அண்ணாச்சி. ஊரில் மாவு மில் வைத்திருப்பவர். தொப்பியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"காப்புக் கெட்டியாச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"மாலை போட்டிருக்கியளா?"

"இல்ல. நாங்க கிறிஸ்தவங்க."

செட்டில் போலீஸ் வேஷம் கட்டியிருந்த தையல்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். அது வேஷம்தான் என்று தெரிந்தும் எனக்கு வியர்த்தது.

"டூரிஸ்டுன்னா எந்த மதமா வேணும்னாலும் இருக்கலாம்லா" என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணாச்சி. காப்பு வேண்டாம். ஆனால் கையில் வாங்கிய காணிக்கையை வாங்கியவர்தான் கடைசி நாளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் செட்டோடு வந்தால் வேனில் இடம் உண்டு, சாப்பாடு உண்டு, படுக்கவும் இடம் உண்டு. கடலோர ஊர்களுக்கெல்லாம் வேன் போகும்.

ஒரு பைசா செலவில்லாமல் கடலோரப் பயணம். என் கணவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அண்ணாச்சியின் அடுத்த வார்த்தை துடைத்தது. "ஒருநேரச் சாப்பாடு, மீனு, முட்ட கூடாது. ஆம்பளைய இந்தப் பக்கம், பொம்பளைய அந்தப் பக்கம் படுக்கணும்." வீட்டிலாவது எங்களுக்கு நடுவில் பீரோ மட்டும்தான். இங்கே ஒரு மண்டபமே நடுவில் வந்துவிட்டது.

அப்படித்தான் நாங்கள் டூரிஸ்ட் வேஷக்காரர்கள் ஆனோம். ஒவ்வோர் ஊரிலும் வேன் நிற்கும். மேளம் அடிக்கும். காளி ஆடுவார். ஊரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் மனிதர், விரதத்துக்காகக் கடையையே பூட்டிவிட்டு, சாம்பார் சோறு தின்று அப்படி ஆடினார். அது முடிந்ததும் நாங்கள். என்ன செய்வதென்று தெரியாமல் வந்த வேலையைச் செய்தோம். கடலைப் பார்த்தோம். படகைப் படம் எடுத்தோம். வழி கேட்டோம். கருவாடு என்ன விலை என்று கேட்டு வாங்காமல் நகர்ந்தோம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்கா, நீங்க இங்கிலீஷ் பேசுனா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றார் காளி. பேசினேன். வகுப்பில் பேசுவதைவிட நிதானமாக, உச்சரிப்பு சுத்தமாகப் பேசினேன். முன்வரிசையில் நின்ற ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். "வெள்ளக்காரி இப்படியா பேசுவா? இது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்லா." அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. மறுநாள் மூக்கால் பேசினேன், பாதி வார்த்தையை விழுங்கினேன். கைதட்டினார்கள்.

மெஞ்ஞானபுரத்தில் மாட்டிக்கொண்டோம். அங்கே என் கணவரின் பெரியம்மா இருக்கிறார். மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர், ஓலைத் தொப்பிக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏல ராசா, பள்ளிக்கூடத்துல சம்பளம் போடலியாடே?"

"அதெல்லாம் போடுதாங்க பெரியம்மா. இது வேஷம்."

"பிச்சக்காரன் வேஷமா?"

"டூரிஸ்ட் வேஷம்."

"அப்படின்னா?"

"ஊர் ஊராப் போறது. கெடச்ச எடத்துல படுக்கது, கெடச்சதச் சாப்புடுகது."

"அதத்தானல நானும் கேக்கேன்" என்றார் பெரியம்மா. கண்ணில் தண்ணீர் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தொப்பிக்குள் ஒரு நோட்டைப் போட்டார். உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார். மீன் குழம்பு. விரதம் என்று நாங்கள் மறுத்ததும் அவருடைய பயம் இரண்டு மடங்காகிவிட்டது. வேன் தெருமுனை திரும்புவதற்குள் பாளையங்கோட்டைக்குப் போன் போய்விட்டது.

கடைசி நாள் காலையில் குலசை மண்டபத்து வாசலில் மாமா நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. கூட்டத்தில் இடித்துப் பிடித்து எங்களைத் தேடி வந்தவருடைய கையில் யாரோ காசைத் திணித்திருந்தார்கள். அதைத் தேள் மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்னல இது?" என்று மகனைக் கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு கூட்டம் மாமாவைச் சூழ்ந்துவிட்டது.

"வாத்தியார் வேஷம் அச்சு அசலா இருக்கு!"

"நான் வேஷம் இல்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்!" என்று கத்தினார் மாமா. அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டத்தில் ஆரவாரம். மாமாவை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நான் முன்னால் போனேன். அதற்குள் நாற்பது வயதிருக்கும் ஒருவர், கரடி வேஷம், தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாமா முன்னால் வந்து நின்றார்.

"சார், என்னைய ஒரு ஏச்சு ஏசுங்க."

மாமா அவரைப் பார்த்தார்.

"மொதல்ல நிமிந்து நில்லுல!" என்றார் மாமா.

கரடி நிமிர்ந்தது.

"வயசென்ன ஆவுது? பொறுப்பு இருக்கா? கைய எங்க வச்சிருக்க? பின்னால கெட்டு!"

கூட்டம் அதிர்ந்தது. அடுத்து ஒரு குரங்கு வந்தது. அடுத்து இரண்டு ராஜா. ஒரு ராஜாவிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டார். அவர் பாதியில் நின்றுவிட்டதால் அங்கேயே ஓரமாக நின்று முழுக்கச் சொல்லிப் பழகச் சொன்னார். அந்த ஆளும் கிரீடத்தோடு நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாமாவின் குடை விரிந்து தலைகீழாகப் பிடிக்கப்பட்டு, காணிக்கை விழுந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்து அந்த மனிதர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவருக்கு முன்பல்லில் ஓர் இடைவெளி இருப்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன்.

சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். தொப்பியை நானும் என் கணவரும் உண்டியலில் கவிழ்த்தோம். மாமா வாசல் வரைக்கும் வந்து தயங்கினார். எங்கள் சர்ச்சில் ஆலயக் கமிட்டியில் இருக்கிறவர். அண்ணாச்சி குடையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "வாங்குனவன்தான் சேக்கணும்னு சொன்னீராமே வே" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாமா உள்ளே போனார். வெளியே வந்து, "ஊரார் பணம். நம்ம கையில தங்கக் கூடாது" என்றார். அதைப் பற்றி அதற்கு மேல் அவர் இன்றுவரை பேசவில்லை.

எங்களைக் கூட்டிப்போகத்தான் வந்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டில், "எப்ப வருவிய?" என்று மட்டும் கேட்டார். லீவு முடிகிற அன்றைக்கு என்றோம். தலையாட்டிவிட்டுத் தனியாக ஏறிப் போனார்.

மறுநாள் நானும் என் கணவரும் மணப்பாட்டுக்கு நடந்தோம். கன்னியாகுமரிக்குப் போக நாள் மிச்சமில்லை. முதல்முறையாகப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மேளம் இல்லை, காளி இல்லை. ஒரு சின்ன ஓட்டலில் மீனும் முட்டையும் மாறி மாறி வாங்கிச் சாப்பிட்டோம். கடற்கரையில் ஒரு படகு நிழலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். எவ்வளவோ பேச வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் ஞாபகம்.

வலையோடு வந்த ஓர் அம்மா எங்களைத் தட்டி எழுப்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"எந்த ஊரு நீங்க?"

"பாளையங்கோட்ட."

"பாளையங்கோட்டயில இருந்து இங்கன தூங்கவா வந்திய?"

என் கணவர் தொப்பியை முகத்திலிருந்து எடுத்தார். "ஆமாம்மா" என்றார்.

"அப்போ பையவே தூங்கி எந்திரிங்க. படகு இப்போ எடுக்கல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வலையைப் பிரிக்க உட்கார்ந்தார்.