வலப்பக்கம் முளைத்த குழாய்

எண்பதுகளின் நடுவில் நான் காரிமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தாறு. மாணவிகளோடு மைதானத்தை இரண்டு சுற்று ஓடினால், யாரோ நெஞ்சின் நடுவில் முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் வலிக்கும். நின்றால் ஐந்தே நிமிடத்தில் போய்விடும். அதுதான் தொல்லை. டாக்டர் வீட்டு வாசலை அடைவதற்குள் காட்டுவதற்கு வலி இருக்காது.

உள்ளூர் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேஸ் ட்ரபிள்தாம்மா. வெறும் வயித்துல ஓடறீங்களா?"

"சாப்பிட்டுட்டுத்தாங்க ஓடறேன்."

"அப்ப சாப்பிட்டதும் ஓடாதீங்க."

ஒன்றரை வருடம் வெள்ளை மருந்து குடித்தேன். சுண்ணாம்புத் தண்ணீர்போல் இருக்கும். இன்னொரு டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவிடம், "கல்யாணத்த முடிச்சு வைங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அப்பாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. பாப்பாரப்பட்டிப் பக்கம் கேழ்வரகும் துவரையும் விளைவிப்பவர் அவர். "ஓடுனாத்தான வலிக்குது? அப்பறம் என்னாத்துக்கு ஓடற?" என்பார். ஓடுவதுதான் என் வேலை என்று எத்தனை முறை சொல்வது?

விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மைதானத்திலேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது மாணவிகள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்டு வந்த அப்பா அன்றே என்னைப் பஸ்ஸில் தர்மபுரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ஈசிஜி எடுத்தார்.

"சுத்தமா இருக்குதுங்க. மனசுல ஏதாவது கவலையா?"

கோபத்தோடு கட்டிலை விட்டு இறங்கினேன். "இங்க மாடிப்படி இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குது. ஏன்?"

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். "ஏ புள்ள, கிறுக்குப் புடிச்சிடுச்சா? நில்லு!" என்று அப்பா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். ஆறாவது முறை ஏறும்போது அந்த முழங்கால் நெஞ்சில் இறங்கியது. தட்டுத்தடுமாறி வந்து கட்டிலில் விழுந்து, "இப்ப எடுங்க" என்றேன்.

காகிதம் ஊர்ந்து வரவர டாக்டரின் முகம் மாறியது. "மன்னிச்சிடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இனி ஓடவே கூடாது என்று சொல்லி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, மருந்து பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் இரண்டு. ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் கிளம்ப வேண்டும். எனக்கு இடக்குழாயும் வலப்பக்கத்திலிருந்தே முளைத்து, இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில் புகுந்து போனது. ஓடும்போது நடுவில் மாட்டி நசுங்கியது. பிறவியிலேயே அப்படி.

அப்பா வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "ஏனுங்க, தப்பான எடத்துல மொளச்சதப் புடுங்கி சரியான எடத்துல நட முடியாதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விங்க. ஆனா இவங்களுக்குப் புடுங்க வேண்டாம். கால்லருந்து ஒரு ரத்தக்குழாய எடுத்து, நெரிசல் இல்லாத பக்கமா வேற பாதை போட்டுடலாம்."

அதற்குள் என் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மருத்துவ மாணவர்கள் அணியணியாக வந்தார்கள். "ரொம்ப அபூர்வமான கேஸ்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊரில் ஒருவரும் நம்பாத நெஞ்சு இங்கே காட்சிப்பொருள் ஆகியிருந்தது. பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது; பிழைத்தேன். ஊருக்குத் திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையோடு வந்தார்கள்: "ஓடி ஓடித்தான் கொழாய் எடம் மாறிப்போச்சாமே." பிறக்கும்போதே அப்படித்தான் என்று முதல் பத்துப் பேருக்கு விளக்கினேன். பதினோராவது ஆள் வந்தபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். உள்ளூர் டாக்டரும் வந்தார். சென்னைக் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். அப்பா மட்டும் அருகில் இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பள்ளியில் தலைமையாசிரியை, இனி மைதானம் வேண்டாம் என்று எனக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார். நேராகக் கிழித்த துணியில்கூட எனக்குக் கோணலாகத்தான் தைக்க வரும். ஓடலாம் என்று பெரிய டாக்டரிடம் எழுதி வாங்கி, மனுமேல் மனுவாகக் கொடுத்து, அடுத்த வருடம்தான் மைதானத்துக்குத் திரும்ப முடிந்தது.

முதல் நாள் மாணவிகளோடு மெதுவாக இரண்டு சுற்று ஓடினேன். ஒவ்வொரு அடியிலும் வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். எனக்கு வந்தது கோபம்தான், அந்த ஒன்றரை வருடத்தின்மேல். மாணவிகள் மூச்சிரைக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு சுற்று போகலாம் என்றேன்.