அவர் காட்டிய முகங்கள்

டாக்டர் கமலவேணி இறந்த சேதியைக் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். முந்தின நாளே தகனம் முடிந்துவிட்டதாம். கடைசியாக முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பொன்னேரியில் அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவருடைய அதட்டல் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது அவர் கைகள். அறுபதுகளின் தொடக்கத்தில் என்னைத் தாய்மாமனுக்கே கட்டிவைத்தார்கள். முதல் குழந்தை பிறந்த சற்று நேரத்தில் போய்விட்டது. வழக்கம்போல் தாய்க்குக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப்போகப் பார்த்தார்கள். டாக்டர் அதை வாங்கிக் குளிப்பாட்டி என் மடியில் வைத்தார். தலையின் பின்பக்கம் மூடவில்லை. கையில் ஆறு விரல். மூக்கு மட்டும் அப்படியே என் அம்மாவின் மூக்கு.

"பாத்துக்கம்மா. பாக்காம போனா, இன்னா பெத்தேனோன்னு ஆயுசுக்கும் நெனச்சிக்கினே இருப்ப" என்றார்.

அடுத்த இரண்டும் அப்படியேதான். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதுதான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. மூன்று முறையும் கிரகணம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயாடி என்ற பெயரும் சேர்ந்திருக்கும். மாமாவுக்கு இரண்டாம் தாரமாக அவர்கள் முடிவு செய்தது என் தங்கை வசந்தாவை.

கேள்விப்பட்டதும் டாக்டர் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கே வந்து அம்மாவையும் மாமாவையும் உட்கார வைத்துப் பேசினார்.

"கிரகணமும் இல்ல, கத்தியும் இல்ல. உங்க குடும்ப ரத்தத்துல ஒரு கோளாறு ஒளிஞ்சிருக்கு. ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வந்தா ஒண்ணும் பண்ணாது. அப்பா, அம்மா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தா, கொழந்த வயித்துல சரியா உருவாகாது. வசந்தாவுக்கும் அதே ரத்தந்தான். அவள வெளியில குடுத்துருங்க."

அம்மா மோர் கொடுத்தாள், மரியாதையாகத் தலையாட்டினாள். டாக்டர் பஸ் ஏறியதும், "நம்ம ரத்தத்தக் கொற சொல்றதுக்கு இவங்க யாரு? பெரியவளுக்குத் தங்கலன்னா சின்னவளுக்கும் தங்காதா இன்னா?" என்றாள். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

வசந்தாவின் குழந்தைக்கும் ஆறு விரல். டாக்டர் அதையும் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார். வசந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் வாங்கிப் பார்த்தேன். அன்று அவர் யாரையும் அதட்டவில்லை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தெரிஞ்சி இன்னாம்மா பிரயோஜனம்?" என்றார்.

போன மாதம்கூட எங்கள் அடுத்த தெருவில் ஒருவனுக்கு அவனுடைய சொந்த அக்காள் மகளையே பேசிப் பரிசம் போட்டார்கள்.

அவர் எனக்கு விட்டுப்போனது நான்கு முகங்கள். மூன்று என்னுடையவை. நான்காவதைப் பற்றி வசந்தா எப்போதாவது கேட்பாள்: "அக்கா, எப்பிடி இருந்திச்சி?"

அம்மா மூக்கு என்று சொல்வேன். அதற்குமேல் அவள் கேட்பதில்லை.