ஓபலின் முழங்கால் வலி

ரமோனா சூதாட்ட விடுதியில் சீட்டுப் பகிர்ந்து போடும் வேலைக்கு வந்த முதல் நாள், பதற்றத்தில் எண்ணிக்கை தப்பி, ஜெயித்த ஓபலுக்குக் காசுக்குப் பதிலான சில்லில் இரண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் டெல்மர் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஓபல் இருமுவதுபோல் குனிந்து, அந்த இரண்டையும் ரமோனா பக்கம் நகர்த்தினாள். "மெல்ல மூச்சு விடும்மா, சீட்டு கடிக்காது" என்றாள். வேறு யாருக்கும் அது தெரியாது.

ஓபலுக்கு அறுபத்திரண்டு வயது. சலவைக்கடையில் உழைத்து ஓய்ந்தவள். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் இருப்பாள். மற்றக் காலைகளில் ரமோனாவின் பிளாக்ஜாக் மேசையில்; இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்குகிறவர் ஜெயிக்கும் சீட்டாட்டம் அது. ரீனோ ஊரின் மற்றச் சூதாட்ட விடுதிகளெல்லாம் அவளை வெளியே அனுப்பிவிட்டன. இதுவும் போனால் உட்கார வேறு மேசை கிடையாது.

அவள் ஏமாற்றவில்லை, வெளியே வந்த சீட்டுகளை எண்ணினாள், அவ்வளவுதான். சின்னச் சீட்டுகள் வெளியே போகப் போகச் சீட்டுக்கட்டில் பத்தும் ஏஸும் மிஞ்சும். அப்போது ஆடுகிறவருக்கு யோகம். அதுவரை அவள் பந்தயம் பத்து டாலர், அந்த நேரம் எண்பது. எண்ணுவதில் யாரும் மாட்டுவதில்லை, பந்தயத்தை ஏற்றும்போதுதான் மாட்டுவார்கள். அதற்கு ஓபல் ஒரு சாக்கு வைத்திருந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டு, "வலிக்குதே, இது அதிர்ஷ்டம் வர்ற வலி" என்று முனகியபடியே சில்லுகளைத் தள்ளுவாள். ரமோனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டெல்மரிடம் போட்டுக்கொடுக்கவில்லை.

கெடுத்தவன் லாரி ஓட்டும் ஹாய்ட். அவன் அந்த முழங்காலை மனதார நம்பிவிட்டான். நம்பி ஜெயித்தும் விட்டான். ஒரே வாரத்தில் அவனோடு சேர்த்து மேசையில் இருந்த ஐந்து பேரும் பக்தர்களானார்கள். ஓபலுக்கு வலி வந்தால் போதும், எல்லார் பந்தயமும் எகிறும். டெல்மர் அந்த மேசையைவிட்டு நகரவே இல்லை.

வியாழக்கிழமை, நாலு ஏஸும் இன்னும் கட்டுக்குள்ளேயே இருந்தன. பந்தயம் ஏற்றவேண்டிய நேரம், ஆனால் டெல்மர் ஓபலின் பின்னால் நின்றிருந்தார்.

"அக்கா, கால் எப்படி இருக்கு?" என்றான் ஹாய்ட்.

"மாத்திரை போட்டேன்ப்பா, வலியே இல்ல." ஓபல் பத்து டாலரோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? ஹாய்ட் மேசைக்கடியில் குனிந்து பார்த்தான்.

"அக்கா மறைக்கிறாங்கடா. கை அங்கதான் தடவிக்கிட்டு இருக்கு. ஏத்துங்க."

ஐந்து பேரும் ஏற்றினார்கள். ரமோனாவின் சீட்டு இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது, விடுதி தோற்றது. அவர்கள் அள்ளிக்கொண்டார்கள், ஓபலுக்கு வந்தது பத்தே டாலர்.

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். "மூணு நாளா உங்க பின்னாடி நின்னு நானும் எண்ணினேன்மா. உங்க முழங்கால் ஒரு தடவகூடத் தப்பலை. இனி இந்த மேசை வேண்டாம். சக்கரம் சுத்துற ரூலட் இருக்கு, காசு போடுற இயந்திரம் இருக்கு, அதிர்ஷ்டத்தை நம்பி எதுல வேணும்னாலும் ஆடுங்க."

ஓபல் கைப்பையை எடுத்துக்கொண்டு ரமோனா பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாம்மா, இவர் என்னைச் சூதாடச் சொல்றாரு. நான் எந்தக் காலத்துல சூதாடியிருக்கேன்?"